மலிவு எது, சிக்கனம் எது?

சிங்கம்புணரிக்கு மாட்டு வண்டிகளில் சரக்கு வந்து இறங்கிய காலத்தை நம் அங்கத்தினர்களில் வயது முதிர்ந்தோர் மறந்திருக்கமாட்டார்கள். அவ்வண்டிகளின் அடியில் ஒரு மூங்கில் குழாய் தொங்கும். அதனுள் இருப்பது வண்டி மை. வைக்கோலைச் சுட்டுக் கரியாக்கி, விளக்கெண்ணெயில் குழைத்து, வண்டிக்காரரே அதைச் செய்துகொள்வார். மை கெட்டால் அச்சு தேயும், மாடு இளைக்கும், வண்டி நடுவழியில் நிற்கும் என்பதை அவர் அறிவார். ஆதலால் வேறு எதில் சிக்கனம் பிடித்தாலும் மையில் பிடிக்கமாட்டார்.

இன்று தென்னை மட்டையை அடித்து நார் பிரிப்பதும், கயிறு திரிப்பதும் இவ்வூரில் இயந்திரங்களின் வேலையாகிவிட்டன. வண்டி மையின் இடத்திற்குக் கிரீஸும் ஆயிலும் வந்துவிட்டன. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. வண்டிக்காரர் தாமே வாங்கி, தாமே பூசி, நஷ்டம் வந்தால் தாமே ஏற்றார். சங்கத்திலோ வாங்குபவர் ஒருவர், பூசுபவர் மற்றொருவர், விலை சரியா என்று பார்ப்பவர் மூன்றாமவர். நஷ்டத்தை ஏற்பவர் இம்மூவருள் ஒருவரும் அல்லர். தினக்கூலிக்கு வரும் தொழிலாளியே ஏற்கிறார்.

அந்த மூன்றாமவர்களில் நானும் ஒருவன். ஆகவே என் பிழையிலிருந்தே தொடங்குவது முறையாகும்.

சில ஆண்டுகளுக்கு முன் இப்பகுதிச் சங்கம் ஒன்றை ஆய்வு செய்தேன். மூன்று விலைப்புள்ளிகளில் குறைந்ததை விட்டுவிட்டு, காரியதரிசி அதிக விலையுள்ள கிரீஸை வாங்கியிருந்தார். காரணம் எதையும் பதிவு செய்யவில்லை. நான் ஆட்சேபக் குறிப்பு எழுதினேன். அதிகப்படியான தொகைக்கு அவரே பொறுப்பு என்றும் சேர்த்து எழுதினேன். அடுத்த ஆண்டு சென்றபோது நார் பிரிக்கும் இயந்திரம் நின்றிருந்தது. உருளையைத் தாங்கும் பேரிங் சூடேறிப் பழுதாகியிருந்தது. நார் உலர்த்தும் பெண்கள் வேலையின்றி மர நிழலில் அமர்ந்திருந்தார்கள். அன்று அது இரண்டாவது நாள். காரியதரிசி, என் தந்தை வயதினர், கோபமின்றியே சொன்னார்: "ஐயா, சென்ற ஆண்டு தாங்கள் எழுதிய குறிப்பைத்தான் நாங்கள் நிறைவேற்றினோம்."

பேரிங்கைக் கழற்றிய மெக்கானிக் அதனுள் இருந்ததை விரலில் எடுத்துக் காட்டினார். நீருடன் கலந்து பால்போல் வெளுத்திருந்தது அந்தக் கிரீஸ். காரணத்தை அதன் பிறகுதான் படித்தறிந்தேன்.

கிரீஸ் என்பது எண்ணெயை ஒருவகைச் சோப்பினால் கெட்டியாக்கிய பொருள். அச்சோப்பு எதனால் ஆனது என்பதைப் பொறுத்தே அதன் குணம் அமைகிறது. சோடியம் சோப்புக் கிரீஸ் ஓரளவு சூட்டைத் தாங்கும். தண்ணீர் பட்டால் கரைந்து போகும். சாதாரணக் கால்சியம் கிரீஸ் தண்ணீரைத் தாங்கும். மிகுந்த சூட்டைத் தாங்காது. லித்தியம் கிரீஸ் இரண்டையும் பெரும்பாலும் தாங்கும். மட்டை நனைத்துப் போடப்படுவது. நார்த்தூளோ எங்கும் பறப்பது. ஈரமும் தூசியும் உள்ள அவ்விடத்திற்குச் சோடியம் கிரீஸ் பொருந்துமா? மூன்று விலைப்புள்ளிகளிலும் எழுதியிருந்தது 'கிரீஸ்' என்ற ஒரே சொல்தான். ஒரே பெயருள்ள மூன்று வேறு பொருள்களின் விலையை நான் ஒப்பிட்டிருக்கிறேன்!

விவசாயிகளான நம் அங்கத்தினர்கள் அறியத்தக்க செய்தி ஒன்றும் இதில் உண்டு. 1940களில் அமெரிக்காவில் உருவாகி, இன்று உலகெங்கும் பரவியுள்ள லித்தியம் கிரீஸுக்கு வேண்டிய கொழுப்பமிலம் ஆமணக்கெண்ணெயிலிருந்தே பெறப்படுகிறது. உலகில் ஆமணக்கை மிகுதியாக விளைவிப்பது நம் நாடு. நம் நாட்டில் குஜராத். வண்டி மையின் விளக்கெண்ணெய் உருமாறி நம் பேரிங்கிற்கே திரும்பி வந்திருக்கிறது.

"தரம் என்ற பெயரால் காரியதரிசி தமக்கு வேண்டியவரிடம் வாங்க இடங்கொடுத்துவிடாதா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு விடை, குறைந்த விலை என்னும் விதியைக் கைவிடுவதன்று. அதற்கு முன் ஒரு படியை வைப்பதேயாகும். 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும் வெறும் குறைந்த விலையைக் கூறவில்லை. ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் முன்கூட்டியே குறித்த, அளந்தறியத்தக்க அம்சங்களின்படி மதிப்பிட்டுக் காணும் குறைந்த புள்ளியையே அது கூறுகிறது. சிறு சங்கத்தின் சிறு கொள்முதலுக்கும் இக்கருத்தே வழிகாட்டியாக வேண்டும். தேவையை முதலில் எழுதுக. அதற்குப் பொருந்துவனவற்றுள் குறைந்த விலையைத் தேர்க.

எழுதும்போது கம்பெனிப் பெயரை எழுதலாகாது. தன்மையை எழுத வேண்டும். 'லித்தியம் சோப்பு, என்.எல்.ஜி.ஐ. 2ஆம் எண்' என்று எழுதினால் சோப்பின் வகையும் கெட்டித்தன்மையும் வரையறையாகிவிடும். ஆயிலுக்கு 'ஐ.எஸ்.ஓ. வி.ஜி. 68' என்பதுபோல எழுதலாம். 40 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் அதன் பாகுத்தன்மை இன்ன அளவு என்பதே அந்த எண்ணின் பொருள். எந்த எண் வேண்டும் என்பதை இயந்திரத்தின் கையேடு சொல்லும். கையேடு இல்லையேல் அதைச் செய்தவரைக் கேட்க வேண்டும். சரக்கு முத்திரையிட்ட டின்னில் வர வேண்டும். தயாரித்த தேதியும் தொகுதி எண்ணும் அதில் இருக்க வேண்டும். அந்தத் தொகுதிக்குரிய பரிசோதனைச் சான்றும் உடன் வர வேண்டும். பழைய ஆயிலை வடிகட்டிப் புதிது என்று விற்போர் இக்காகிதங்களைக் கேட்டவுடனே விலகிவிடுவர்.

கணக்கையும் பார்ப்போம். உதாரணமாக, ஒரு சங்கத்திற்கு ஆண்டுக்கு 40 கிலோ கிரீஸ் வேண்டும் என்றும், நல்லதற்கும் மட்டமானதற்கும் கிலோவுக்கு 150 ரூபாய் வித்தியாசம் என்றும் வைத்துக்கொள்வோம். மிச்சம் 6,000 ரூபாய். பேரிங் ஒன்று பழுதாகி, மாற்றுச் செலவு 4,000 ரூபாய் ஆகி, 12 பேர் தலைக்கு 450 ரூபாய்க் கூலியை இரண்டு நாள் இழந்தால், மொத்த நஷ்டம் 14,800 ரூபாய். இதில் 10,800 ரூபாய் சங்கத்தின் பேரேட்டில் ஏறுவதே இல்லை. அது ஏறும் இடம் அந்தப் பெண்களின் அடுப்படி. பேரேட்டை மட்டும் படித்த எனக்கு 6,000 ரூபாய் தெரிந்தது. 10,800 ரூபாய் தெரியவில்லை.

இது நார்த் தொழிலுக்கு மட்டும் உரிய விஷயம் அன்று. விசைத்தறியில் பொருந்தாத ஆயில் சிதறினால் துணியில் கறை விழும். கறை பட்ட துணிக்கு விலை குறையும். எண்ணெய் ஆட்டும் ஆலையிலோ உயவுப்பொருள் உணவில் கலந்துவிடும் அபாயம் உண்டு. அத்தகைய இடங்களுக்கென்றே 'எச்1' என்னும் உணவுத் தர வகை இருக்கிறது. விலை அதிகந்தான், ஆயினும் உண்பவர் நம் மக்களே அல்லரோ?

ஒவ்வொரு சங்கமும் தனித்தனியே சில டின்கள் வாங்கும்போது வியாபாரி சொன்னதே விலை, அவர் கொடுத்ததே தரம். அண்டைச் சங்கங்கள் சேர்ந்து தேவைப் பட்டியல் தயாரித்தால் வகைகளைக் குறைக்கலாம்; 182 கிலோ டிரம்மாக வாங்கிப் பகிரலாம்; மாதிரி ஒன்றைப் பொதுச் செலவில் சோதனைக்கும் அனுப்பலாம். கடனுக்கும் உரத்திற்கும் கூடிய நாம் கிரீஸுக்குக் கூடலாகாதா?

சக ஆய்வாளர்களுக்கு ஒரு வார்த்தை. "குறைந்த விலையை ஏன் ஏற்கவில்லை?" என்ற கேள்வியைக் கேட்குமுன், "என்ன வேண்டும் என்று எழுதி வைத்தீர்களா?" என்று கேட்போம். எழுதாமல் வாங்கியிருந்தால், விலை எதுவாயினும் ஆட்சேபிப்போம். எழுதி அதன்படி வாங்கியிருந்தால், அந்தக் காரியதரிசிக்குத் துணை நிற்போம். நம் குறிப்புக்கு அஞ்சி ஒருவர் மட்டமானதை வாங்குவாராயின், அந்த நஷ்டத்தில் நமக்கும் பங்குண்டு.

அன்று நான் எழுதிய குறிப்பை மறு ஆண்டு ஆய்வறிக்கையில் நானே திருத்தினேன். அந்தப் பெண்கள் இழந்த இரண்டு நாட் கூலியைத் திருத்த எனக்கு அதிகாரம் இருக்கவில்லை.