அளவு ஜாக்கெட்

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் உட்கார இடம் கிடையாது. கட்டில் மேல் லைனிங் துணி, நாற்காலியில் வெட்டிப் போட்ட கைகள், டிவி மேல் கொக்கி டப்பா. மனைவி தையல்காரி. தருமபுரியில் எங்கள் தெருவிலும் அடுத்த இரண்டு தெருக்களிலும் கிறிஸ்துமஸ் பூசைக்குப் போகிற பெண்களில் பாதிப் பேர் போட்டிருப்பது அவள் தைத்த ஜாக்கெட்டாக இருக்கும். சின்னப் பிள்ளைகளின் கவுன்கள் தனிக் கணக்கு. கேரல் பாட வருகிறவர்கள் வாசலில் டிரம் அடிக்கும்போதுகூட உள்ளே மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்.

தன் ஜாக்கெட்டை அவள் கையில் எடுப்பது 24-ஆம் தேதி ராத்திரிதான். பதினொன்றரைக்குத் திருப்பலி. பத்தே முக்காலுக்குக் கொக்கி கட்டிக்கொண்டிருப்பாள். ஒரு வருஷம் அதற்கும் நேரமில்லாமல் ஊக்கு குத்திக்கொண்டு கோயிலுக்கு வந்தாள். பக்கத்தில் நான் புதுச் சட்டையில் நின்றேன். கை நீளமாக இருக்கிறது என்று நான் சொல்ல, அன்று மத்தியானம்தான் அவள் அதைக் குறைத்துக் கொடுத்திருந்தாள்.

கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். மகள் கல்லூரி முதலாண்டு, மகன் ஒன்பதாவது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவளுக்கு ஏதாவது வாங்கிக் கொடுத்திருக்கிறேன், அதில் குறை வைத்ததில்லை. மிக்சி, குக்கர், கேக் சுடுகிற ஓவன். ஓவன் வந்த வருஷத்திலிருந்து பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கேக் எங்கள் வீட்டிலிருந்துதான் போகிறது. பரிசு அவளுக்கு, பாராட்டு எனக்கு, பாத்திரம் கழுவுவது மறுபடியும் அவளுக்கு.

சமையலறையை விட்டு வெளியே வருவோம் என்று ஒரு வருஷம் சேலை எடுத்தேன். விரித்துப் பார்த்தாள். "நல்லாருக்குங்க" என்றாள். பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல, "ஃபால்ஸ் வைக்கணும், ஓரம் அடிக்கணும், லைனிங் வாங்கணும்" என்றாள். ஏற்கெனவே குவிந்து கிடக்கும் துணியின் மேல் இன்னொரு துணியைப் போட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. உறைத்து என்ன, அடுத்த வருஷமும் சேலைதான்.

இந்த வியாதி என்னோடு தொடங்கியதல்ல. மத்தேயு நற்செய்தியில் கிழக்கிலிருந்து ஞானிகள் வருகிறார்கள். பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் எல்லாம் குழந்தைக்கு. பிரயாணத்தில் பிள்ளை பெற்றவளுக்கு என்று தனியாக ஒன்றும் வந்ததாக எழுதியில்லை.

பரிசைப் பற்றிப் பேசும் பத்திகளில் இந்த இடத்தில் ஓ. ஹென்றியின் கிறிஸ்துமஸ் பரிசுக் கதையைச் சொல்வது வழக்கம். தருமபுரிக்காரனுக்கு அது தேவைப்படாது. இது அதியமான் ஆண்ட பழைய தகடூர். அதியமான்கோட்டை பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும். இங்கே பள்ளி ஆண்டு விழா என்றால் அட்டைவாள் கட்டிய ஓர் அதியமானும், பஞ்சுமுடி ஒட்டிய ஓர் ஔவையும் மேடையேறாமல் இருக்க மாட்டார்கள். நிஜ நெல்லிக்காயைக் கடித்த ஔவை வசனத்தை மறந்து முகம் சுளிக்கிற இடத்துக்குத்தான் கைதட்டல் அதிகம்.

அந்த நெல்லிக்கனிக் கதையில் எனக்குப் பிடித்தது, அதியமான் வாயைத் திறக்காததுதான். புறநானூற்றின் 91-ஆம் பாட்டில் ஔவை அதைத்தான் வியக்கிறாள். மலைப் பிளவில் ஏறிப் பறித்த அரிய கனி. அதைத் தின்றால் நீண்ட ஆயுள் கிடைக்கும் என்பதைத் தன் மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு கொடுத்துவிட்டான். முன்னாலேயே சொல்லியிருந்தால் அந்த அம்மாள் வாங்கியிருப்பாளா?

ஆனால் ஔவை இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்தவில்லை. அதே கனியை என் மனைவி கையில் கொடுத்துப் பாருங்கள். அரிவாள்மனையில் நாலாக வகிர்ந்து, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு ஆளுக்கொரு துண்டு கொடுத்துவிட்டு, கொட்டையைச் சப்பிக்கொண்டே மிஷினுக்குப் போய்விடுவாள்.

போன வருஷம் அப்படித்தான் ஆயிற்று. அரூரிலிருந்து கோட்டப்பட்டி வழியாகச் சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவில் இறங்கினால் சிட்டிலிங்கி. டாக்டர் ரெஜியும் டாக்டர் லலிதாவும் 1993-ல் ஒரு குடிசையில் மருத்துவம் பார்க்கத் தொடங்கிய ஊர். ட்ரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்கிற அவர்களுடைய முயற்சியிலிருந்து 2006-ல் கிளைத்தது 'போர்கை'. லம்பாடி மொழியில் பெருமிதம் என்று பொருள். லம்பாடிப் பெண்கள் கண்ணாடி பதித்த பாவாடையை விட்டுச் சேலைக்கு மாறியபோது, அவர்களுடைய ஊசி வேலையும் கூடவே மறைந்துகொண்டிருந்தது. ஒருசில வயதான பெண்களின் கைகளில்தான் அது மிச்சம் இருந்தது. அவர்களிடமிருந்தும் பெட்டியடியில் கிடந்த பழைய துணிகளிலிருந்தும் தையலைத் திரும்பக் கற்று, போர்கைப் பெண்கள் இன்று பைகளும் உடைகளும் செய்து விற்கிறார்கள். அவர்கள் வேலைப்பாடு செய்த பை ஒன்றை வாங்கிவந்து கொடுத்தேன்.

தையல் தெரிந்தவர்கள் எதையும் முன்பக்கம் பார்ப்பதில்லை. அவள் பையின் உள்பக்கத்தை வெளியே திருப்பினாள். முடிச்சுகளை நகத்தால் நெருடினாள். "பின்பக்கம்கூட எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க" என்றாள். பத்தொன்பது வருஷத்தில் என் பரிசு ஒன்றை அவள் அவ்வளவு நேரம் பார்த்து நான் கண்டதில்லை. ஜனவரி முதல் வாரம் அந்தப் பை மகளின் தோளில் தொங்கியது. "காலேஜ்ல சேர்ந்தாலும் எடுத்துட்டுப் போலாம், எனக்கு எதுக்குங்க?"

ஆக, இந்த வருஷம் தேடியது யாருக்கும் பங்கு வைக்க முடியாத ஒன்றை. வேலை கூட்டாததாகவும் இருக்க வேண்டும். யோசித்து யோசித்துக் கடைசியில், தையல்காரிக்கு வேறொரு தையல்காரியிடம் தைத்த ஜாக்கெட் என்று முடிவுக்கு வந்தேன். முன்பு நான் எடுத்துக் கொடுத்த சேலை ஒன்று ஜாக்கெட் தைக்காமலே பீரோவில் இருந்தது. அதோடு வந்த துணியையும், அவளுடைய அளவு ஜாக்கெட்டையும் ஒரு மஞ்சப்பையில் சுருட்டிக்கொண்டு பாலக்கோடு போனேன். உள்ளூரில் கொடுத்தால் சாயந்திரத்துக்குள் சேதி வீட்டுக்கு வந்துவிடும்.

முதல் இரண்டு கடைகளில் சிரித்தே அனுப்பிவிட்டார்கள். டிசம்பர் பாதிக்கு மேல் யார் ஆர்டர் எடுப்பார்கள்? மூன்றாவது கடையில் இருந்த பெண் விஷயத்தைக் கேட்டதும், "தைக்கிறவங்களுக்கே தைக்கணுமா? குத்தம் கண்டுபிடிப்பாங்களேண்ணா" என்றாள். இருந்தாலும் கை நீட்டி அளவு ஜாக்கெட்டை வாங்கினாள். உள்பக்கம் திருப்பினாள். அதே பழக்கம்.

"இது கல்யாணத்தப்ப தைச்சதா?"

ஆமாம் என்று நினைக்கிறேன் என்றேன்.

சைடு தையலை விரல் வைத்துக் காட்டினாள். இப்போதைய தையலுக்கு உள்ளே ஒரு வரிசை ஊசித்துளை. அதற்கும் உள்ளே இன்னொரு வரிசை, மங்கலாக. "ரெண்டு தடவை பிரிச்சு விட்டிருக்காங்க. மொத குழந்தைக்கு அப்புறம் ஒண்ணு, ரெண்டாவதுக்கு ஒண்ணு. இதுக்கு மேல பிரிக்க உள்ள துணி இல்லண்ணா. இப்ப எந்த அளவுக்குத் தைக்கட்டும்?"

எனக்குத் தெரியவில்லை. அந்த ஜாக்கெட்டைக் கொடியில் எத்தனை தடவை பார்த்திருப்பேன். ஊருக்கெல்லாம் புதிதாக அளவெடுத்துத் தைப்பவள் தனக்கு மட்டும் கல்யாண அளவையே பிரித்துப் பிரித்து ஓட்டியிருக்கிறாள். அன்று ராத்திரி, அவள் சாப்பாடு எடுத்துவைக்கப் போன நேரத்தில், மிஷின் டிராயரைத் திறந்து அளவு நோட்டைப் புரட்டினேன். இருநூறு பெண்களாவது இருப்பார்கள். பால்காரர் வீட்டம்மா, டீச்சரம்மா, பாடகர் குழுவில் பாடும் அக்கா தங்கைகள், செத்துப்போன என் அத்தைகூட இருந்தார். அவள் பெயர் மட்டும் இல்லை.

மகளைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டேன். "அம்மா, நான் அளவெடுக்கக் கத்துக்கறேன், கொஞ்சம் நில்லு" என்று டேப்பை எடுத்துவந்தாள். மனைவி சிரித்துக்கொண்டே நின்றாள். டேப்பை இப்படி இழுத்துப் பிடிக்கக் கூடாது, ஒரு விரல் உள்ளே விட்டுப் பிடி என்று சொல்லிக் கொடுத்தாள். தோள், மார்பு, இடுப்பு, கை இறக்கம், கழுத்து. நான் செய்தி பார்ப்பது போல டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

அளவுகள் பாலக்கோட்டுக்குப் போன் மூலம் போய்விட்டன. 23-ஆம் தேதி வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். டிசம்பர் மாதத்தில் அவள் பத்திரிகை பக்கமே திரும்ப மாட்டாள் என்பதால் இந்தப் பத்தியால் ஆபத்தில்லை. தைத்து வந்ததை உள்பக்கம் திருப்பிப் பார்த்து அவள் என்ன சொல்வாள் என்பதுதான் பயம். அக்குளில் பிடிக்கிறது என்று அங்கேயே பிரிக்க உட்கார்ந்தாலும் உட்காருவாள்.

ஒரு தப்பு மட்டும் செய்துவிட்டேன். அளவுகளை எழுதக் கைக்குத் தாள் கிடைக்காமல், அவளுடைய நோட்டிலேயே கடைசிப் பக்கத்தில் அவள் பெயரைப் போட்டு எழுதிவிட்டேன். கிழித்தால் தெரியும், அடித்தால் அதைவிட நன்றாகத் தெரியும். இன்றைக்குத் தேதி 19. நோட்டில் இன்னும் நாலு வெற்றுப் பக்கம் இருக்கிறது. வாசலில் யாரோ, "அக்கா, இன்னும் ஆர்டர் எடுக்கறீங்களா?" என்று கேட்கும் சத்தம்.