சாபம் காலாவதி!

கோப்பை ஜெயித்த குஷியில் லாரியில் ஊர் திரும்பிக்கொண்டிருக்கிறீர்கள். எதிரே சாவு ஊர்வலம். என்ன செய்வீர்கள்? லாரியை ஓரங்கட்டி, தொப்பியைக் கழற்றி, பிணம் தாண்டிப் போகும்வரை கப்சிப். அவ்வளவுதானே! இந்தச் சின்ன மரியாதையில் கோட்டை விட்டதாகச் சொல்லப்படும் ஒரு டீமால், அயர்லாந்தில் ஒரு ஜில்லாவே எழுபது வருஷத்துக்கு மேல் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறது.

ஜில்லாவின் பெயர் மேயோ. மேற்குக் கடற்கரையோரம். சம்பவம் நடந்த ஊர் ஃபாக்ஸ்ஃபோர்ட். மாய் நதிக்கரையில், 1892-ல் கன்னியாஸ்திரீகள் ஆரம்பித்த கம்பளி மில்லைத் தவிர பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லாத குட்டி ஊர்.

விளையாட்டு, கேலிக் கால்பந்து. பந்தைக் கையால் பிடிக்கலாம், காலால் உதைக்கலாம், சமயத்தில் எதிராளியையும் உதைக்கிறார்கள். பக்கத்துக்குப் பதினைந்து பேர். ஒருத்தருக்கும் சம்பளம் கிடையாது. வாத்தியார், விவசாயி, போலீஸ்காரர் என்று ஆளாளுக்கு ஒரு வேலை, அது முடிந்து சாயங்காலம் பயிற்சி. ஓவர்டைம் படி கூடக் கிடையாது சார்!

1951 செப்டம்பர் 23. டப்ளினில் நடந்த அகில அயர்லாந்து ஃபைனலில் மேயோ, மீத் ஜில்லாவைத் தோற்கடித்தது. முந்தின வருஷமும் அவர்கள்தான் சாம்பியன். கோப்பையோடு ஊர்வலமாக ஃபாக்ஸ்ஃபோர்ட் வழியே வந்தபோதுதான் அந்தச் சாவு. பையன்கள் கூச்சலை நிறுத்தவில்லையாம். பாதிரியார் பொங்கிவிட்டார். (செத்தவரின் விதவைதான் பொங்கினார் என்றும் ஒரு பாடம் உண்டு.) “இந்த டீமில் ஒருத்தன் உயிரோடு இருக்கும்வரை மேயோவுக்கு இனி இந்தக் கோப்பை கிடையாது!”

கவனியுங்கள், சாபத்திலேயே காலாவதி தேதி இருக்கிறது. விட்டவர் ரொம்ப விவரமான ஆசாமி.

அதற்குப் பிறகு 38 வருஷம் மேயோ ஃபைனல் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. 1989-ல் வந்தது. தோற்றது. பிறகு 1996, 97, 2004, 2006, 2012, 2013, 2016, 2017, 2020, 2021. மொத்தம் பதினோரு ஃபைனல், பதினோரு தோல்வி. மோசமான டீம் ஃபைனலுக்கே வராது, அதனால் வயிறும் எரியாது. இவர்கள் நல்ல டீம். அதுதான் வினையே.

தோற்ற விதத்தைக் கேளுங்கள். 1996-ல் மேயோ ஒரு கட்டத்தில் ஆறு புள்ளி முன்னிலை. கடைசி நிமிஷத்தில் மீத் ஆட்டக்காரர் ஒருவர் தூரத்திலிருந்து சும்மா தூக்கி அடித்த பந்து, தரையில் குத்தி எகிறி, தானாகவே கம்பத்தைத் தாண்டி உள்ளே போய்ப் புள்ளியாகிவிட்டது. டிரா! மறு ஆட்டம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் இரண்டு டீமும் கும்பலாக அடிதடி. ஆளுக்கொருத்தரை வெளியே அனுப்பினார் ரெஃப்ரி. கடைசியில் மேயோ ஒரே ஒரு புள்ளியில் தோல்வி.

2013-லும் ஒரு புள்ளி. 2016-ல் டப்ளினை எதிர்த்து ஆடியபோது முதல் பாதியிலேயே தங்கள் கோலுக்குள் தாங்களே இரண்டு தடவை பந்தைத் தள்ளிக்கொண்டார்கள். அப்படியும் டிரா செய்தார்கள் என்றால் எவ்வளவு நன்றாக ஆடியிருக்க வேண்டும்! மறு ஆட்டம்? ஒரு புள்ளி. 2017? அதே ஒரு புள்ளி. 2020-ல் கொரோனா காரணமாகக் காலி ஸ்டேடியத்தில் ஃபைனல். ஆட்டம் ஆரம்பித்துக் கால் நிமிஷம் ஆவதற்குள் டப்ளின் கோல் போட்டுவிட்டது. டி.வி. முன்னால் உட்கார்ந்தவர் நாற்காலியைச் சரி செய்யக்கூட அவகாசமில்லை.

ஒரு விஷயம் மட்டும் இடிக்கிறது. மேயோ பெண்கள் டீம் 1999, 2000, 2002, 2003 என்று நாலு தடவை அகில அயர்லாந்து கோப்பையை அள்ளியிருக்கிறது. ‘ஆண்களுக்கு மட்டும்’ என்று பாதிரியார் சாபத்தில் ஷரத்து போட்டிருப்பார் போலிருக்கிறது. பெண்கள் ஜெயிப்பதைப் பார்த்தாவது ஆண்கள் சாபத்தை விட்டுவிட்டு ஷூ லேஸைச் சரியாகக் கட்டியிருக்கலாம்.

ஆனால் சிரிப்பு ஓர் இடத்தில் தொண்டையில் சிக்குகிறது. சாபத்தின் கணக்குப்படி மேயோ ஜெயிக்க வேண்டுமானால் அந்த 1951 ஹீரோக்கள் அத்தனை பேரும் சாக வேண்டும். யார் படத்தைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறோமோ, அவர் இன்னும் இருக்கிறாரா என்று விரல் விட்டு எண்ணுவது என்ன கொடுமை! ஒவ்வொருவராகப் போனார்கள். 2019-ல் டாக்டர் பாட்ரிக் கார்னி போனார். ஃபைனலில் ஆடியவர்களில் மிஞ்சியது பாடி பிரெண்டர்காஸ்ட் ஒருவர்தான். ரிடையரான போலீஸ்காரர். இருந்ததும் எங்கே தெரியுமா? மேயோவை 1997, 2004, 2006 என்று மூன்று ஃபைனல்களில் தோற்கடித்த கெர்ரி ஜில்லாவில்!

தொண்ணூறு தாண்டிய மனுஷர். அவரைப் பற்றி எழுதும்போதெல்லாம் பத்திரிகைக்காரர்கள் சாபத்தையும் கூடவே எழுதினார்கள். ஒரு ஜில்லாவே தன் மூச்சைக் கணக்குப் பார்க்கிறது என்று தெரிந்துகொண்டே காலையில் காபி குடிப்பது எப்படி இருந்திருக்கும்? அவரோ இந்தச் சாபக் கதையையே மதிக்கவில்லை. தன்னை உயிரோடு வைத்துக்கொண்டே மேயோ ஜெயித்துக் காட்டினால்தான் அவருக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும்.

2021 செப்டம்பர் 11. மறுபடி ஃபைனல், எதிரே டைரோன். மேயோவுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. பந்து கோலுக்குள் போகவில்லை. தோல்வி. சரியாகப் பதினைந்தாவது நாள், செப்டம்பர் 26-ம் தேதி, பிரெண்டர்காஸ்ட் காலமானார்.

அப்பாடா, தோஷம் கழிந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? 2022-ல் கோப்பை கெர்ரிக்கு. 2023 டப்ளினுக்கு. 2024 ஆர்மாவுக்கு. 2025-ல் திரும்பவும் கெர்ரி. பழி போடப் பாதிரியாரும் இல்லை, விதவையும் இல்லை. 2024-ல் சொந்த மைதானத்திலேயே டெர்ரி ஜில்லாவிடம் தோற்று மேயோ வெளியேறியது.

அதுவும் பெனால்டியில்.