மலை தாங்காது என்பவர்களுக்கு

"மலை தாங்காது" என்ற இரண்டு சொற்கள் பதுளையில் பல ஆண்டுகளாகத் தீர்ப்பைப் போல நடமாடுகின்றன. பசறை வீதியை அண்டிய குடியிருப்புகளில் ஒருவர் தன் வளவில் மாணவர்களுக்கு நாலு அறை கட்டப்போகிறார், இருக்கிற போடிங்கின் மேல் ஒரு மாடி எழுப்பப்போகிறார் என்று தெரிந்தால் போதும், அந்த இரண்டு சொற்களும் வந்து நிற்கும். "இது குடும்பங்கள் வாழும் இடம்" என்பது அதன் பின்னாலேயே வரும். கேட்பவருக்கு இது சுற்றுச்சூழல் அக்கறை போலத் தோன்றும். மண்சரிவில் உறவுகளைப் பறிகொடுத்த மாவட்டத்தில் மலையின் பெயரைச் சொன்னால் யாரும் எதிர்த்துப் பேசத் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தின் மேல்தான் இந்த வாதம் நிற்கிறது. இதில் மலை வெறும் சாக்கு. வேண்டாம் என்று தள்ளப்படுவது மாணவர் என்ற ஆள்.

அந்த ஆள் யார் என்பதை முதலில் பார்ப்போம். ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் 2005இல் தொடங்கப்பட்டது. அங்கு வரும் யாழ்ப்பாணத்துப் பிள்ளையையும் மட்டக்களப்புப் பிள்ளையையும் மாத்தறைப் பிள்ளையையும் பெரும்பாலும் வெட்டுப்புள்ளிதான் பதுளையில் கொண்டுவந்து விடுகிறது. அனுப்புவது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, அதாவது அரசு. நமுனுகுல, கனவரல்ல பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளையின் கதை இன்னும் முன்னாலேயே தொடங்குகிறது. தோட்டப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு இருப்பது அபூர்வம் என்பதால், கெட்டிக்காரப் பிள்ளை சாதாரண தரம் முடிந்ததும் பதுளைக்குப் போக வேண்டியிருக்கிறது. மழைக்காலத்தில் மூடுபனி இறங்கிய பின் நமுனுகுலவிலிருந்து பசறைக்கு இறங்கி, அங்கிருந்து பதுளைக்கு பஸ் பிடித்து, பின்னேர வகுப்பு முடிந்து அதே வழியில் திரும்புவது தினமும் நடக்கிற காரியம் அல்ல. அந்தப் பிள்ளைக்குப் பதுளையில் ஒரு கட்டில் வேண்டும். அது இல்லையென்றால் படிப்பும் இல்லை.

சத்தம் போடுவார்கள், ஒழுக்கம் கெடும் என்ற குற்றச்சாட்டுக்கு ஒரு வரி போதும்: சத்தத்துக்குப் பொலிஸ் இருக்கிறது, ஒழுக்கம் யாருடைய வாடகை ஒப்பந்தத்திலும் எழுதப்படுவதில்லை. இந்தச் சத்த வாதம் உலகத்தில் எவ்வளவு தூரம் போய் விழுந்தது என்பதை மட்டும் சொல்லிவிடலாம். கலிபோர்னியாவின் பேர்க்லி நகரில் பல்கலைக்கழகம் ஒன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு விடுதி கட்ட முனைந்தபோது, அயலவர்கள் சுற்றுச்சூழல் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டார்கள். 2023 பெப்ரவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம், மாணவர் எழுப்பக்கூடிய சத்தத்தையும் சூழல் பாதிப்பாக ஆராய வேண்டும் என்றது. அதே ஆண்டு செப்டெம்பரில் அந்த மாநிலம் சட்டத்தையே திருத்தி, வீடுகளில் குடியிருப்போர் எழுப்பும் சத்தம் சூழல் பாதிப்பு ஆகாது என்று எழுதி வைத்தது. 2024 ஜூனில் மாநில உச்ச நீதிமன்றமும் பல்கலைக்கழகத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. மனிதர் பேசுவதை மாசு என்று கணக்கிடத் தொடங்கினால் அது எங்கே போய் முடியும் என்பதை அங்குள்ளவர்கள் ஒன்றரை ஆண்டுக்குள் உணர்ந்துகொண்டார்கள்.

"பல்கலைக்கழகம் தன் வளாகத்துக்குள்ளேயே விடுதி கட்டிக்கொள்ளட்டும்" என்பது அடுத்த வாதம். கட்டட்டும், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இந்த நாட்டில் அப்படிக் கட்டத் திட்டமிட்டே தொடங்கப்பட்ட பேராதனையைப் பாருங்கள். அருணாசலம், இராமநாதன் என்று மண்டபம் மண்டபமாக, மாணவர் எல்லோரும் வளாகத்திலேயே தங்க வேண்டும் என்ற எண்ணத்தோடு 1952இல் மகாவலிக் கரைக்கு வந்த பல்கலைக்கழகம் அது. அனுமதித் தொகை கூடக் கூட அங்கும் மாணவர்கள் சுற்றுக் கிராமங்களில் அறை தேடத் தொடங்கிவிட்டார்கள். விடுதி பொதுவாக முதலாம் ஆண்டுக்கும் கடைசி ஆண்டுக்கும்தான் உறுதி. நடு ஆண்டுகளில் பிள்ளை எங்கே படுப்பது என்று கேட்டால் இந்த வாதத்திடம் விடை இல்லை. வாடகை ஏறி, குடும்பங்களுக்கு வீடு கிடைக்காமல் போகிறதே என்ற முறைப்பாடும் இதே வகைதான். மாணவர்களுக்கென்று அறை கட்ட அனுமதி மறுக்கப்பட்டால் நாலு பேர், ஐந்து பேர் சேர்ந்து ஒரு முழு வீட்டை எடுப்பார்கள். மாணவர்களுக்கான மகாபொல மாதாந்தப் புலமைப்பரிசில் 2025 வரவு செலவுத் திட்டத்தில் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அதில் ஒரு பகுதியை ஐந்து பேர் ஒன்றாகப் போட்டால், ஒரே சம்பளத்தில் வாழும் குடும்பத்தால் அந்த வாடகைக்கு ஈடுகொடுக்க முடியாது. வீட்டைக் குடும்பத்திடமிருந்து பறிப்பது கட்டப்பட்ட போடிங் அல்ல. கட்ட விடாத போடிங்தான்.

இனி மலைக்கு வருவோம். மலை ஆபத்தானது என்பதில் இங்கு யாருக்கும் சந்தேகம் இல்லை. 1990இல் மண்சரிவு அபாய வரைபடம் தயாரிக்கும் வேலை இந்த நாட்டில் தொடங்கியபோது எடுத்துக்கொள்ளப்பட்ட மாவட்டங்கள் பதுளையும் நுவரெலியாவும். ஆனால் மலை எதைத் தாங்காது என்பதைத் தோட்டத்தில் கான் வெட்டியவர்களிடம் கேளுங்கள். சரிவின் குறுக்கே கான் வெட்டி, தண்ணீரை மண்ணுக்குள் இறங்கவிடாமல் ஓடைக்குக் கொண்டுபோய் விடுவது தேயிலைத் தோட்டத்தின் பழைய வேலை. கான் தூர்ந்தால் மழைநீர் மண்ணுக்குள் தேங்கும். தேங்கிய நீர் மண்துகள்களின் பிடியைத் தளர்த்தும். பிடி தளர்ந்த சரிவின் அடியை யாராவது வெட்டியிருந்தால் மேலே இருப்பது கீழே வரும். இதில் எங்கேயும் எத்தனை கட்டில் என்ற கணக்கு வருவதில்லை. அடி வெட்டப்பட்டதா, தாங்குசுவரில் நீர் கசியத் துளை விடப்பட்டதா, கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது என்பவைதான் கேள்விகள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கட்டட அனுமதிக்கு முன் பார்ப்பதும் இவற்றைத்தான்.

அனுமதி மறுக்கப்பட்ட பிறகு என்ன நடக்கிறது என்பதை ஒரு வீட்டின் பின்பக்கம் போய்ப் பார்த்தால் போதும். குசினிக்குப் பின்னால் மண்வெட்டியால் மேட்டை நேராகச் சீவி, பத்தடிக்குப் பத்தடி இடம் எடுத்து, புளொக் கல் அடுக்கி, தகரம் போட்டு, அதற்கு அனெக்ஸ் என்று பெயர். சீவிய மேட்டுக்கு முன்னால் ஒரு சுவர். அதில் விட்டிருந்த இரண்டு துளையும் ஈரம் வருகிறது என்று சீமெந்து வைத்து அடைக்கப்பட்டிருக்கும். தகரத்துத் தண்ணீர் பீலி இல்லாமல் நேரே சுவரின் அடியில் விழும். உள்ளே நாலு பிள்ளைகள். திட்டம் வரைந்து, மண்ணைச் சோதித்து, வடிகாலோடு எழுப்பப்படும் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தை மறுத்தவர்கள் மலைக்குக் கொடுத்தது இப்படிப் பல வெட்டுகளை. மலையைக் காப்பாற்றியதாகச் சொல்லிக்கொள்ள அவர்களுக்கு உரிமை இல்லை.

அதோடு, இந்தக் கவலை ஆளைப் பார்த்துத்தான் வருகிறது. எல்லவில் சரிவோரம் எல்லாம் சுற்றுலா விடுதிகள் எழுந்தபோது, வெள்ளைக்காரப் பயணிக்குப் பலகணி வைத்து அறை கட்டுவதை மலை தாங்குமா என்று இதே குரல்கள் இதே அளவு ஓங்கிக் கேட்டதில்லை. கொஸ்லாந்தை மீரியபெத்தை லயங்களில் இருந்தவர்களை அங்கிருந்து எழுப்ப வேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை இறங்கி லயங்களை மூடியபோதும் அந்த மக்கள் அங்கேதான் இருந்தார்கள். மாற்று நிலம் கேட்ட அவர்களுக்காகப் பேசாத மலைப்பற்று, பதுளைக்குப் படிக்க வந்த பிள்ளை கட்டில் கேட்கும்போது மட்டும் விழித்துக்கொள்கிறது.

"குடியிருப்பாளர்" என்ற சொல்லைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். நாலு ஆண்டு ஒரு தெருவில் வாழ்ந்து, அங்கேயே அரிசி வாங்கி, அங்கேயே காய்ச்சலில் படுத்து எழும்பும் பிள்ளை வாக்காளர் இடாப்பில் இல்லை என்பதால் வெளியாள் ஆகிறது. இந்தக் கணக்கு மலையகத்துக்குப் பழக்கமானது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களை வெளியாள் ஆக்கியது. 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்படும் வரை, தோட்டத்துக்குள் ஒரு பாதை போடவும் பிரதேச சபைக்குச் சட்டம் தடையாக நின்றது. அப்படி வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பதுளையில் அறை தேடுகிறார்கள். அவர்களைத் தடுக்கும் வரிசையில் நம்மவர் சிலரும் நிற்பதுதான் தாங்க முடியாதது.

மாநகர சபையிலும் பிரதேச சபைகளிலும் இருக்கும் உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த போடிங் விண்ணப்பம் மேசைக்கு வரும்போது மண் அறிக்கையைக் கேளுங்கள், வடிகால் எங்கே போகிறது என்று கேளுங்கள், தாங்குசுவரின் வரைபடத்தைக் கேளுங்கள். அவை சரியில்லை என்றால் யார் கட்டினாலும் மறுத்துவிடுங்கள். சரியாக இருந்தால், உள்ளே படுக்கப்போவது யார் என்று கேட்காமல் கையொப்பம் இடுங்கள்.