பேட்டரி இருந்தும் படுத்துவிடும் சர்வர்! கரண்ட் கட்டானால் நடப்பது என்ன?

ஓட்டப்பிடாரம்:

"சர்வர் டவுன்... நாளைக்கு வாங்க!"

ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் பிடித்து வந்து கவுண்டர் முன்பு நிற்கும் ஜனங்கள் அடிக்கடி கேட்கும் பதில் இது. சென்னையில் உள்ள மெயின் சர்வர் மக்கர் செய்வதும் உண்டு. இன்டர்நெட் லைன் கட்டாவதும் உண்டு. ஆனால் உள்ளூரிலேயே நடக்கும் ஒரு கோளாறு பற்றி யாரும் பேசுவது இல்லை. யூ.பி.எஸ். இருக்கும், பேட்டரி இருக்கும். கரண்ட் போன சேதி மட்டும் சர்வருக்குப் போய்ச் சேராது!

யாருக்கு நஷ்டம்?

ஓட்டப்பிடாரம், எட்டயபுரம், விளாத்திகுளம், கோவில்பட்டி வட்டாரம் மானாவாரி கரிசல் பூமி. உளுந்து, பாசி, மக்காச்சோளம், பருத்தி என்று மழையை நம்பித்தான் விதைப்பு. மழை ஏமாற்றினால் கைகொடுப்பது பயிர் காப்பீடு. அடங்கல் வாங்கி, கடைசி தேதிக்குள் பதிவு செய்தாக வேண்டும். அந்த நாளில் கம்ப்யூட்டர் படுத்தால் நஷ்டம் விவசாயிக்குத்தான்.

கூட்டுறவு சங்கம், ஆஸ்பத்திரி, மில், தீப்பெட்டி கம்பெனி என எங்கே சொந்த சர்வர் இருந்தாலும் இதே கதைதான். பாதி எழுதிய கணக்கு கெட்டுப்போனால் கூலி பட்டுவாடா தள்ளிப்போகும்.

2 சிக்னல்

கரண்ட் நின்றதும் யூ.பி.எஸ். கண்மூடித் திறப்பதற்குள் பேட்டரிக்கு மாறிவிடும். அதோடு அதன் வேலை முடியவில்லை. யூ.எஸ்.பி. அல்லது சீரியல் கேபிள் வழியாக "இப்போ பேட்டரியில ஓடுறேன்" என்று சர்வருக்கு முதல் சிக்னல் கொடுக்கும். பேட்டரி இறங்கியதும் "தீரப்போகுது" என்று 2-வது சிக்னல் போகும். அதைக் கேட்டு சர்வரில் உள்ள சாப்ட்வேர், கணக்கை எல்லாம் டிஸ்க்கில் எழுதி முடித்து, ஒழுங்காக ஷட்-டவுன் செய்யும்.

பல இடங்களில் பவர் வயரை மட்டும் மாட்டிவிட்டு, சிக்னல் கேபிளை அட்டைப்பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். அப்புறம் என்ன? பேட்டரி தீரும்வரை ஓடிவிட்டு சர்வர் பொட்டென்று விழும். யூ.பி.எஸ். இல்லாமல் விழுவதற்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை.

எங்கே பார்க்க வேண்டும்?

* முதலில் கேபிள். சில யூ.பி.எஸ்.களுக்கு தனி சீரியல் கேபிள் உண்டு. கடையில் கிடைக்கும் சாதாரண கேபிளைச் செருகினால், சிக்னலை தப்பாகப் புரிந்துகொண்டு யூ.பி.எஸ்.ஸே ஆப் ஆகிவிடும்!

* அடுத்தது பேட்டரி வயசு. சின்ன யூ.பி.எஸ்.களில் உள்ள சீல்டு பேட்டரிக்கு ஆயுள் பொதுவாக 3 முதல் 5 ஆண்டுதான். அதுவும் 25 டிகிரி வெப்பத்துக்கு போட்ட கணக்கு. சுமார் 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும். காற்று போகாத மூலையில், கரிசல் காட்டு வெயிலில் அது என்னத்துக்கு ஆகும்? பழைய பேட்டரி "20 நிமிடம் தாங்கும்" என்று காட்டிவிட்டு ஒரே நிமிடத்தில் கவிழ்த்துவிடும். "தீரப்போகுது" சிக்னல் வரும்போது ஷட்-டவுன் செய்யவே நேரம் இருக்காது. அதனால் கடைசி சிக்னலுக்காக காத்திருக்காமல், கரண்ட் போய் சில நிமிடத்திலேயே ஷட்-டவுன் ஆகும்படி செட் செய்வது நல்லது.

* கரண்ட் கண்சிமிட்டும் ஊரில் இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. 2 நொடி போய் வந்தாலே சர்வர் ஷட்-டவுன் ஆகிவிடும். அரை நிமிடமாவது பொறுக்கும்படி செட்டிங் வேண்டும்.

* இன்டர்நெட் மோடம், சுவிட்ச் பாக்சும் யூ.பி.எஸ்.ஸில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சர்வர் ஓடி, மோடம் அணைந்துகிடந்தால் யாருக்கு லாபம்?

கரண்ட் வந்தும் எழும்பாதது ஏன்?

சர்வர் ஷட்-டவுன் ஆகிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் திரும்பிவிட்டால், சர்வருக்கு சப்ளை ஒரு நொடிகூட நின்றிருக்காது. எனவே "கரண்ட் வந்தால் தானாக ஆன் ஆகு" என்ற பயாஸ் செட்டிங் வேலை செய்யாது. யாராவது வந்து பட்டனை அமுக்கும்வரை சர்வர் தூங்கும். ஷட்-டவுன் முடிந்ததும் யூ.பி.எஸ். தன் அவுட்புட்டை ஒருமுறை நிறுத்தி, பிறகு கொடுக்கும்படி அமைத்தால் இந்த சிக்கல் தீரும்.

பெரிய கம்பெனிக்கும் இதே கதி

இது பட்டிக்காட்டு பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். 2016 ஆகஸ்டில் அமெரிக்காவின் டெல்டா விமான கம்பெனியில் கரண்ட் போனது. சுமார் 7 ஆயிரம் கருவிகளில் 300 கருவிகள் மாற்று மின்சாரத்தோடு சரியாக இணைக்கப்படவில்லை. 3 நாளில் 2 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாகின. 2017 மே 27-ந்தேதி பிரிட்டிஷ் ஏர்வேஸ் டேட்டா சென்டரில் கரண்ட் துண்டாகி, கட்டுப்பாடில்லாமல் திரும்பி வந்தபோது கருவிகள் சேதம் அடைந்தன. சுமார் 75 ஆயிரம் பயணிகள் தவித்தனர். காசுக்குப் பஞ்சமில்லாத கம்பெனிகள்தான். ஆனாலும் கோட்டை விட்டார்கள்.

செலவில்லாத டெஸ்ட்

மாதாந்திர பராமரிப்புக்காக சப்ளையை நிறுத்தப்போவதாக மின்வாரியம் முன்கூட்டியே அறிவிக்கிறதே, அந்த நாளே சரியான சோதனை நாள். முந்தின நாள் பேக்-அப் எடுத்துவிட்டு, கரண்ட் போன நேரம், சிக்னல் வந்த நேரம், சர்வர் அணைந்த நேரம், திரும்ப எழுந்த நேரம் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி யூ.பி.எஸ். மேலேயே ஒட்டலாம். பேட்டரி மாற்றிய தேதியையும் சேர்த்து எழுதினால் அடுத்து வருபவருக்கும் உதவும்.

பேட்டரிக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்கள், இந்தச் சின்ன வயருக்கும் சோதனைக்கும் அரைநாள் ஒதுக்கினால் போதும். "நாளைக்கு வாங்க" என்ற பதில் குறையும். ஏழை ஜனங்களின் ஒருநாள் கூலி மிச்சமாகும். செய்வார்களா?