பழங் கணிப்பொறியும் புதிய எஸ்.எஸ்.டி.யும்

இக்காலத்து நம் இளைஞரிடையே ஒரு கருத்து வேரூன்றி வருகின்றது. ஒரு கருவி சற்று மந்தமாய் இயங்கத் தொடங்கின், அதனை அகற்றிப் புதியதொன்று வாங்குதலே அறிவுடைமை என்பது அக்கருத்து. வணிகர் இதனைப் பெரிதும் போற்றுவர். போற்றுதற்கு அவர்க்குத் தக்க காரணமும் உண்டு. ஆயின், பொருள் கொடுப்பார் யாவர் என்பதையும் நாம் சிந்தித்தல் வேண்டும். மகனோ மகளோ கல்லூரியிற் பயிலும்பொருட்டு வாங்கிய மேசைக் கணிப்பொறி ஏழெட்டு ஆண்டுகளிற் பயனற்றதாயிற்று என்று கேட்கும் தந்தை, மீண்டும் கடன்படுதற்கு ஆயத்தமாகின்றார். கல்லூரிகளோ நாற்பது ஐம்பது பொறிகளை ஒருங்கே கழித்தற்குப் பட்டியல் எழுதுகின்றன. இவ்வாறு கழிக்கப்படும் பொறிகளுட் பல கழித்தற்குரியன அல்ல. அவற்றின் ஓர் உறுப்பினை மாற்றுதலே போதும் என்பது என் கருத்து. அதற்குரிய காரணங்களை ஈண்டு ஒவ்வொன்றாய் எடுத்துரைப்பேன்.

கணிப்பொறியின் வேகத்தை வரையறுக்கும் உறுப்புக்கள் மூன்று. கணக்கிடுவது பிராஸஸர், அது கணக்கிடும்போது வேண்டுவனவற்றைக் கையிலேந்தி நிற்பது ராம், மின்சாரம் நின்ற பின்னும் அனைத்தையும் காத்து வைப்பது வன்தட்டு, அதாவது வழக்கில் ஹார்டு டிஸ்க் எனப்படுவது. இம்மூன்றனுள் முதலிரண்டும் அசையும் பகுதி எதுவும் இல்லாதன. மூன்றாவதோ, இன்றும் சுழலும் தகடும் அசையும் கையும் கொண்ட ஓர் இயந்திரமே ஆகும்.

இவ்வியந்திரத்தின் வரலாறு வியக்கத்தக்கது. 1956-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட முதல் வன்தட்டில், 24 அங்குல விட்டமுள்ள 50 தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கப்பெற்றிருந்தன. அப்பெரும் பொறி கொண்டது ஏறத்தாழ 50 லட்சம் எழுத்துக்களையே. இன்று உள்ளங்கையில் அடங்கும் ஒரு டெராபைட் வன்தட்டு அதனினும் ஏறக்குறைய இரண்டு லட்சம் மடங்கு கொள்ளும். ஆனால் சுழலும் வேகமோ? அன்று நிமிடத்திற்கு 1,200 சுற்று. இன்று மேசைக் கணிப்பொறிகளிற் பெரிதும் காணப்படுவது 7,200 சுற்று. கொள்ளளவு இரண்டு லட்சம் மடங்கு பெருகிய காலத்திற் சுழற்சி ஆறு மடங்கே பெருகிற்று. ஏட்டின் பக்கங்கள் பெருகின. புரட்டும் விரலின் வேகம் அத்துணை பெருகவில்லை. மந்தத்தின் மூலகாரணம் இங்கேயே உளது.

இதனைக் கணக்கிட்டும் காணலாம். நிமிடத்திற்கு 7,200 சுற்றெனின், விநாடிக்கு 120 சுற்று. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 8.3 மில்லிவிநாடி. வேண்டிய இடம் படிக்கும் முனையின் கீழ் வந்தடையச் சராசரியாய் அரைச்சுற்று, அதாவது 4 மில்லிவிநாடிக்குச் சற்று மிகுதி, காத்திருத்தல் வேண்டும். அம்முனை உரிய தடத்திற்கு நகர்தற்கு மேலும் 8 அல்லது 9 மில்லிவிநாடி ஆகும். ஆக, ஓரிடத்தைத் தேடிப் படித்தற்கு ஏறத்தாழ 12 மில்லிவிநாடி. விநாடிக்கு எண்பது முறையே அங்ஙனம் தேட இயலும். கணிப்பொறி துவங்கும்போது சிதறிக்கிடக்கும் சிறுசிறு கோப்புக்களைப் பதினாயிரம் முறை தேட நேர்கின்றது எனக் கொள்வோம். தேடுதலில் மட்டும் இரண்டு நிமிடத்திற்கு மேற் கழியும். அதுவரை பிராஸஸர் வேலையின்றிக் காத்திருக்கும். அதன்முன் அமர்ந்த மாணவனும் காத்திருப்பான்.

எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகத்தில் தகடும் இல்லை, சுழற்சியும் இல்லை. மின்னணுக்களை நுண்ணிய அறைகளில் அடைத்து வைத்து, அவற்றின் அளவினால் எழுத்துக்களைக் குறித்தலே அதன் முறை. ஜப்பானியப் பொறியறிஞர் புஜியோ மசுவோக்கா தோஷிபா நிறுவனத்திற் பணிபுரிந்த காலத்தில் உருவாக்கி, 1984-ஆம் ஆண்டில் அறிஞர் உலகிற்கு அறிவித்த ஃபிளாஷ் நினைவகமே இதற்கு அடிப்படை. அதன் நேண்ட் என்னும் வகை 1987-இல் வெளிவந்தது; இன்றைய எஸ்.எஸ்.டி.கள் அவ்வகையைச் சார்ந்தன. இதில் ஓரிடத்தைப் படித்தற்கு ஒரு மில்லிவிநாடியிற் பத்திலொரு பங்கே ஆகும். முற்கூறிய பதினாயிரம் தேடுதலும் ஒரு விநாடியளவில் முடியும். வன்தட்டுடைய பழம்பொறியில் எஸ்.எஸ்.டி. பொருத்தியவுடன் அது புத்துயிர் பெற்றதுபோல் தோன்றுவதன் காரணம் இதுவே. மந்திரம் யாதும் இல்லை.

இதற்கு மாறாய்ச் சில தடைகள் கூறப்படுகின்றன. அவற்றையும் ஆராய்தல் முறையாகும்.

எஸ்.எஸ்.டி. எழுத எழுதத் தேய்ந்து விரைவிற் கெடும் என்பது முதல் தடை. அதன் அறைகள் தேய்வது உண்மையே. விரைவிற் கெடும் என்பது உண்மையன்று. சான்றாக, சாம்சங் 870 இவோ வகையில் 250 ஜிகாபைட் அளவுள்ளதற்கு அதனைச் செய்தோர் 150 டெராபைட் எழுதும் வரை உறுதி கூறுகின்றனர். நாள்தோறும் 20 ஜிகாபைட் எழுதினும் அவ்வளவை எட்ட இருபது ஆண்டுகள் செல்லும். கடிதமும் கட்டுரையும் எழுதி, நிரல்கள் பயின்று, இணையத்தை நாடும் மாணவனுக்கு இது பொருட்படுத்தத்தக்க குறையன்று. கருதத்தக்க குறை வேறொன்று உளது. வன்தட்டு பழுதுறுமுன் பன்முறை ஓசையாலும் தடுமாற்றத்தாலும் எச்சரிக்கும், எஸ்.எஸ்.டி.யோ முன்னறிவிப்பின்றி ஒரு நாள் வாய்மூடி விடலாம். அழித்த கோப்பை அதிலிருந்து மீட்டலும் பெரும்பாலும் இயலாது. ஆதலின் அருமையானவற்றை வேறோர் இடத்திலும் படியெடுத்து வைத்தல் கட்டாயம். இவ்விதி வன்தட்டுக்கும் உரியதே.

கொள்ளளவு போதாது என்பது இரண்டாவது தடை. எல்லாவற்றையும் அதன்கண் ஏற்றுவார்க்கே இத்தடை பொருந்தும். இயங்குதளத்தையும் நாள்தோறும் வழங்கும் மென்பொருள்களையும் 250 ஜிகாபைட் அளவுள்ள எஸ்.எஸ்.டி.யில் வைத்து, படங்களையும் விரிவுரைப் பதிவுகளையும் பழைய வன்தட்டிலேயே இருத்தல் அமையும். மேசைக் கணிப்பொறியின் பெட்டியில் இவ்விரண்டிற்கும் இடம் உண்டு. விரைவு வேண்டும் பணிக்கு விரைந்தது, கொள்ளளவு வேண்டும் பணிக்குப் பெரியது என இரண்டனையும் ஆளுதலே சிக்கனம்.

மிக உயர்ந்த வகையை வாங்காவிடிற் பயனில்லை என்பது மூன்றாவது தடை. சாட்டா இணைப்புள்ள எஸ்.எஸ்.டி. விநாடிக்கு ஏறத்தாழ 550 மெகாபைட் படிக்கும், என்.வி.எம்.இ. வகையோ 3,500 மெகாபைட்டும் அதற்கு மேலும் படிக்கும். எண்களைக் கண்டோர் மயங்குவர். ஆயின் வன்தட்டிலிருந்து சாட்டா வகைக்கு மாறும்போது காணும் வேறுபாட்டைச் சாட்டாவிலிருந்து என்.வி.எம்.இ.க்கு மாறும்போது துவக்கத்திற் காண இயலாது. அன்றியும், பழைய மதர்போர்டுகள் பலவற்றில் அதனைப் பொருத்தும் இடமே இராது. இடமிருப்பினும் அதிலிருந்து துவங்கும் ஆற்றல் இராதிருக்கலாம். பழம்பொறிக்குச் சாட்டா வகையே தக்கது.

இனி, என் கருத்துக்கும் ஓர் எல்லை உண்டென்பதை மறைத்தல் நேர்மையாகாது. எஸ்.எஸ்.டி. எந்நோய்க்கும் மருந்தன்று. ராம் நினைவகம் 2 அல்லது 4 ஜிகாபைட் மட்டுமே உள்ள பொறிக்கு அதனையும் பெருக்குதல் வேண்டும். பொறி மந்தமாய் இருக்கும் வேளையில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து நோக்குக. டிஸ்க் என்னும் கட்டம் நூறு விழுக்காட்டில் நிற்க, பிராஸஸரின் கட்டம் தாழ்ந்திருப்பின், குற்றவாளி வன்தட்டே. பிராஸஸரே நூறில் நிற்பின், எஸ்.எஸ்.டி.க்குச் செலவிடும் பணம் வீண். நோயறியாது மருந்து வாங்குதல் தகாது.

மற்றொன்றும் உண்டு. 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்குரிய பொது ஆதரவு முடிவுற்றது. 2021-இல் வெளிவந்த விண்டோஸ் 11-ஓ, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பையும், இன்டெல் வகையிற் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத பிராஸஸரையும் வேண்டி நிற்கின்றது. எஸ்.எஸ்.டி. பொருத்துவதால் இத்தகுதி பழம்பொறிக்கு வந்துவிடாது. அதனைக் காட்டியே நல்ல பொறிகள் பல இன்று கழிக்கப்படுகின்றன. ஆயினும், லினக்ஸ் இயங்குதளங்கள் இலவசமாய்க் கிடைக்கின்றன. உபுண்டுவும், நம் நாட்டுச் சிடாக் நிறுவனத்தார் ஆக்கிய பாஸ் லினக்ஸும் அவற்றுட் சில. நிரல் எழுதப் பயில்வார்க்கும் கட்டுரை தட்டச்சு செய்வார்க்கும் இவை போதும். விண்டோஸில் மட்டும் இயங்கும் மென்பொருள் இன்றியமையாததெனின், அப்பொழுது புதுப்பொறி வாங்குதலை நான் தடுக்கேன்.

செய்ம்முறையும் அச்சத்திற்குரியதன்று. முதலிற் கோப்புக்கள் அனைத்தையும் வேறிடத்திற் படியெடுத்தல் வேண்டும். மின்னிணைப்பை முற்றும் நீக்கிய பின்னரே பெட்டியைத் திறத்தல் வேண்டும். பழைய வன்தட்டின் கேபிளைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி.யை மட்டும் இணைத்து இயங்குதளத்தைப் புதிதாய் நிறுவுதல் நலம்; இரண்டும் இணைந்திருப்பின் துவக்கக் கோப்புக்கள் பழைய தட்டிற் சென்று அமர்ந்துவிடல் கூடும். பயாஸ் அமைப்பில் ஏ.எச்.சி.ஐ. முறை உளதா என்று நிறுவுமுன்னரே நோக்குதல் வேண்டும். நிறுவிய பின் வன்தட்டை மீண்டும் இணைத்து, துவக்க வரிசையில் எஸ்.எஸ்.டி.யை முதலில் வைக்க. சில நாள் நன்கு இயங்கக் கண்ட பின்னரே பழைய தட்டிலுள்ள இயங்குதளத்தை அழித்தல் விவேகம். அன்றியும், நம்பத்தகாத விலைக்குப் பெருங் கொள்ளளவு எனக் கூறி விற்கப்படும் போலிகள் சந்தையில் உள. பெயர் பெற்ற நிறுவனத்தின் பொருளை ரசீதோடும் உத்தரவாதத்தோடும் வாங்குதல் வேண்டும்.

கல்லூரிகள் இதனைச் சிறப்பாய்க் கருதுதல் தகும். நாற்பது பேர் அமரும் கணிப்பொறிக் கூடத்தில் ஒவ்வொருவர்க்கும் மூன்று நிமிடம் வீணாயின், ஒரு வகுப்பில் இரண்டு மணிநேர மனித முயற்சி அழிகின்றது. அதனை மீட்டற்கு நாற்பது புதுப்பொறி வேண்டா. இம்மாற்றத்தை மாணவரே ஆசிரியர் மேற்பார்வையிற் செய்வாராயின், அவர்க்கு அது ஏட்டுக் கல்வியோடு கைத்தொழிற் பயிற்சியுமாகும். வேற்றார் செய்து முடித்ததைக் காண்பவனினும், தன் கையால் ஒரு திருகாணியைக் கழற்றி மாட்டியவனே பொறியைப் பொறியென உணர்வான்.

கழிக்கும் தட்டுக்களிலும் கவனம் வேண்டும். மாணவர் மதிப்பெண்ணும் முகவரியும் கட்டணக் கணக்கும் அடங்கிய தட்டினை, கோப்புக்களை நீக்கிய அளவிலே பழம்பொருள் வணிகர்க்குக் கொடுத்தல் பெருந்தவறு. நீக்கிய கோப்புக்களை வன்தட்டிலிருந்து மீட்டல் எளிது. தட்டு முழுவதையும் மேலெழுதி அழித்த பின்னரே அதனை விடுத்தல் வேண்டும். 2022-ஆம் ஆண்டின் மின்கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்பிரல் 1 முதல் நம் நாட்டில் நடைமுறையில் உள்ளன. பதிவு பெற்றோரிடமே மின்கழிவைச் சேர்ப்பித்தல் நம் கடமை.

பழையது என்னும் ஒரு காரணம் பற்றியே ஒன்றைக் கழித்தல் அறிவன்று; பழையது என்னும் காரணம் பற்றியே ஒன்றை விடாது பற்றுதலும் அறிவன்று. பழுது யாண்டுளது என்று தேர்ந்து, அதனை மட்டும் நீக்குதலே கற்றார் செயல். புதுப்பொறி வாங்கித் தருமாறு இவ்வாண்டு தம் பெற்றோரைக் கேட்க எண்ணியிருக்கும் மாணவர்கள், கேட்குமுன் தம் பழம்பொறியை ஒருமுறை திறந்து, அதன் உள்ளே சுழன்றுகொண்டிருப்பது யாதென்று நோக்குவார்களாக.