பயொப்சிக்கு முந்திய ஊர் ரிப்போர்ட்

கொஞ்சம் நீளமான பதிவு. வாசித்துவிட்டு வீட்டுப் பெண்களுக்கும் காட்டுங்கள்.

ஒரு தாய் மார்பில் கட்டி என்று கிளினிக் போனார். பயொப்சி முடிவு வருவதற்கு முன்னமே நம் ஊர் முடிவு சொல்லிவிட்டது: "அவக்கு கேன்சராம்." தங்கைக்குப் பேசிக்கொண்டிருந்த கலியாணமும் அதோடு நின்றது. பிறகு வந்த ரிப்போர்ட்டில் கேன்சர் இல்லை. கிரானுலோமாட்டஸ் மாஸ்டைட்டிஸ் என்ற அழற்சி. நின்ற கலியாணத்தைப் பற்றி இன்றுவரை யாரும் வாய் திறக்கவில்லை.

பிள்ளை பெற்றுப் பால் கொடுத்த சில வருடங்களுக்குள் இருக்கும் இளம் தாய்மாருக்குத்தான் இது அதிகம் வருகிறது. கட்டி கல்லுப்போல இருக்கும், தோல் சிவக்கும், காம்பு உள்ளே இழுபடும், கமுக்கட்டில் நெறி கட்டும். ஸ்கேனிலும் கேன்சர் மாதிரியே தெரியலாம். டாக்டர்மாரே திசு எடுத்துப் பார்க்காமல் உறுதியாகச் சொல்வதில்லை. வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கும் நமக்கு மட்டும் எப்படித் தெரிகிறது? இது கேன்சராக மாறுகிற நோயில்லை, ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதுமில்லை. ஆனால் ஆற மாதக்கணக்காகும். சீழ் வடியும், மாறியது திரும்பியும் வரும்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. எதைச் சொன்னாலும் "பால்கட்டுத்தான்" என்று பத்துப் போட்டு நாள் கடத்துபவர்கள். மார்பு சிவந்து வீங்கும் கேன்சரும் இருக்கிறது. பார்வைக்கு பால்கட்டு மாதிரியேதான். மார்பில் காசநோயும் வரும். அதைப் பார்க்காமல் ஸ்டீரொயிட் குளிசை போட்டால் காசநோய் பெருகும். அன்டிபயோடிக் எடுத்து ஒன்றிரண்டு கிழமையில் குறையாவிட்டால் திசுப் பரிசோதனை கட்டாயம். ஊசி குத்தினால் கேன்சர் பரவும் என்ற கதையை நம்பி எத்தனை பேர் வீட்டிலேயே இருக்கிறார்கள்!

கணவன்மாருக்கும் சொல்கிறோம். லேடி டாக்டர் இருந்தால் நல்லது, தேடுங்கள். இல்லாத இடத்தில் அவசியத்துக்கு ஆண் டாக்டரிடம் காட்ட மார்க்கம் இடம் தருகிறது. உங்கள் வெட்கத்துக்காக மனைவியை மறித்து வைக்காதீர்கள். ஓதிப் பாருங்கள், யாரும் தடுக்கவில்லை. ஓதிவிட்டு கிளினிக்குக்கும் கூட்டிப் போங்கள்.

35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு எம்ஓஎச் பிரிவுகளில் வெல் வுமன் கிளினிக் நடக்கிறது, இலவசம், மார்பகத்தையும் பார்ப்பார்கள். அதைவிட இளையவர்கள் அரசாங்க ஆஸ்பத்திரி ஓபிடிக்குப் போனால் சர்ஜிக்கல் கிளினிக்குக்கு அனுப்புவார்கள். கிளினிக் நாளை உங்கள் பகுதி மிட்வைஃபிடம் கேளுங்கள்.

"யார் அந்தப் பெண்?" என்று கேட்கும் கமெண்டுகளை அழித்துவிடுவோம்.