ஊரடங்கும் ஊர் திரும்பியவர்களும்

கொள்ளைநோய் பரவும்போது அரசு மக்களைப் பார்த்து, 'இருந்த இடத்திலேயே இருங்கள்' என்கிறது. கிருமி தானாக நடப்பதில்லை. மனிதரோடு சேர்ந்தே அது பயணம் செய்கிறது. ஆகவே ஆணையில் நியாயம் உண்டு. ஆயினும் ஆணை பிறந்தவுடன் மக்களின் கால்கள் எத்திசையில் செல்லும் என்பதை 2020-ஆம் ஆண்டில் நாம் கண்ணாரக் கண்டோம்.

அவ்வாண்டு ஏப்ரல் 24-ஆம் நாள் தமிழக அரசு ஓர் அறிவிப்பு விடுத்தது. சென்னை, கோவை, மதுரை மாநகரங்களில் 26-ஆம் நாள் காலை முதல் 29-ஆம் நாள் இரவு வரை முழு ஊரடங்கு. மளிகைக் கடையும் திறவாது. இடையில் இருந்தது ஒரே ஒரு நாள். அந்த 25-ஆம் நாள் காலையில் கடைத்தெருக்களிலும் கோயம்பேடு சந்தையிலும் திருவிழாக் கூட்டம்! கூட்டத்தைக் குறைக்க வந்த ஆணையே கூட்டத்தைக் கூட்டிவிட்டது. அன்று கடைக்கு ஓடியவர்களை அறிவிலிகள் என்று பலரும் ஏசினர். நாமும் ஏசியிருக்கக்கூடும். நான்கு நாளைக்கு வேண்டிய அரிசியும் பருப்பும் வீட்டில் வைத்திருந்தவர்களுக்கு ஏசுவது எளிதாக இருந்தது.

மே 5-ஆம் நாள் கோயம்பேடு சந்தை மூடப்பட்டது. அங்கே மூட்டை சுமந்தவர்கள் பிழைப்பின்றிச் சொந்த ஊர் திரும்ப, கடலூர், விழுப்புரம், அரியலூர் மாவட்டங்களில் நோயாளிகளின் எண்ணிக்கை திடீரென உயர்ந்தது. சென்னையில் தங்க இடமும் உணவும் கிடைத்திருந்தால் அவர்கள் போயிருப்பார்களா?

நாடு முழுவதற்கும் இதே கதைதான். மார்ச் 24-ஆம் நாள் இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசினார். நள்ளிரவு முதல் 21 நாள் ஊரடங்கு. நான்கு மணி நேர அவகாசம்! பயணிகள் ரயில்கள் ஏற்கெனவே நின்றிருந்தன. கூலி நின்றது, வாடகை நிற்கவில்லை. ஆகவே வடமாநிலத் தொழிலாளர்கள் மூட்டையும் பிள்ளையுமாக நெடுஞ்சாலைகளில் நடந்தனர். கூலியைப் பிடிக்கக்கூடாது, ஒரு மாத வாடகை கேட்கக்கூடாது, தங்குமிடமும் உணவும் தரவேண்டும் என்ற மத்திய அரசின் ஆணை மார்ச் 29-இல்தான் வந்தது. முன்னே வரவேண்டியது ஐந்து நாள் பின்னே வந்தது. அதற்குள் பல்லாயிரவர் பாதி வழியில் இருந்தனர்.

ஊரடங்கே வேண்டாம் என்பது நம் கருத்தன்று. ஆனால் ஆணைக்கு இருக்கும் வலிமையை நாம் மிகையாக எண்ணிவிடுகிறோம். அமெரிக்காவில் கூல்ஸ்பி, சைவர்சன் என்னும் பொருளியலறிஞர் இருவர் 2020-இல் கைப்பேசித் தடயங்களைக் கொண்டு கடைகளுக்கு மக்கள் சென்றுவந்ததை ஆராய்ந்தனர். நடமாட்டம் 60 விழுக்காடு குறைந்திருந்தது. அதில் சட்டத்தின் தடையால் குறைந்தது 7 மட்டுமே. எஞ்சியது, மக்கள் தாமாகவே அஞ்சி ஒதுங்கியதனால் நேர்ந்தது. வீட்டிலிருக்க இயன்றவர் ஆணைக்கு முன்பே கதவைச் சாத்திக்கொள்கிறார். அவ்வாண்டு புனித வாரத்தை வீட்டினுள்ளேயே கழித்த நம் பங்குக் குடும்பங்களுக்கு இது புதிய செய்தியன்று. இயலாதவரோ எந்த ஆணைக்கும் நிற்க முடியாதவர். அவரை நிறுத்தக்கூடியவை அன்றாடச் சோறும் தலைக்கு மேல் கூரையுமே.

தொழிலாளர்களுக்கென்று மே 1-ஆம் நாள் முதல் சிறப்பு ரயில்கள் ஓடின. அறுபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் அவற்றில் ஊர் சேர்ந்தனர், அது நன்று. ஆனால் அவற்றில் ஏற அனுமதி வேண்டும். மராட்டிய மாநிலம் ஜால்னாவில் இரும்பாலையில் உழைத்த மத்தியப் பிரதேசத்தார் சிலர், அனுமதி கேட்டும் விடை வராமையால், புசாவல் சென்றால் ரயில் கிடைக்கும் என்று நம்பி இருப்புப்பாதை வழியே நடந்தனர். எல்லா ரயில்களும் நின்றுவிட்டன என்று எண்ணி, களைப்பு மிகுதியால் தண்டவாளத்திலேயே உறங்கினர். மே 8-ஆம் நாள் விடியற்காலையில் ஒரு சரக்கு ரயில் வந்தது. பதினாறு பேர் மாண்டனர். வழிக்கென்று அவர்கள் கட்டிக்கொண்டு வந்த ரொட்டிகள் தண்டவாளத்தின் நடுவே சிதறிக் கிடந்தன.